ராக்கெட் ரங்கனின் முகம்

திண்டிவனத்துக்குக் கருவாட்டு மூட்டைகளோடு போய்விட்டு வந்த சின்னதுரை, லாரியை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக மணலில் நடந்து பவுனுவின் குடிசை முன்னால் வந்து நின்றான். பவுனு வலைமேல் காயப்போட்டிருந்த காரப்பொடி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்ததும் அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணி, நம்ம கரையில வந்து சூட்டிங் எடுத்தானுங்களே, அந்தப் படம் வந்துருக்குது. திண்டிவனத்துல ஓடுது. நேத்து நான் பார்த்தேன். ராஜாங்கம் அண்ணன் மூஞ்சி தெரியுது அண்ணி. கொஞ்ச நேரந்தான். ஆனா நல்லாத் தெரியுது."

பவுனு கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். சின்னதுரை மீதியையும் சொன்னான். படம் படுமோசம், கொட்டகையில் ஈ ஓட்டுகிறார்கள், இருந்த கொஞ்சப் பேரும் பாதியில் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், இன்னும் ரெண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று டிக்கெட் கிழிப்பவனே சொன்னான்.

அந்தச் சினிமா கம்பெனி மரக்காணத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் குப்பத்துக்கு வந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேன்களும் குடைகளும் வெள்ளைத் தகடுகளுமாக வந்து இறங்கினார்கள். படத்தின் பெயர் 'ராக்கெட் ரங்கன்'. பகலில் தையல்காரனாக இருந்து அசட்டு வேலைகள் செய்து எல்லாரிடமும் அடிவாங்குகிற ஒருவன், யாருக்காவது ஆபத்து என்றால் நீலப் பனியனும் சிவப்புப் போர்வையும் மாட்டிக்கொண்டு வானத்தில் பறந்து போய்க் காப்பாற்றுவான். கதை அவ்வளவுதான். அந்த நடிகருக்குக் கடல் என்றால் பயம். முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்க மாட்டேன் என்று விட்டார். கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவருடைய உடம்புவாகு யாருக்கு இருக்கிறது என்று தேடி, ராஜாங்கத்தைப் பிடித்தார்கள். அவனுக்கு அந்த நீலப் பனியனை மாட்டி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட சிவப்புத் துணி முகமூடியைக் கட்டி, படகிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். காமிரா பக்கம் மூஞ்சியைக் காட்டாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ராஜாங்கம் நாளெல்லாம் குதித்தான். சாயங்காலம் கண் சிவந்து வீட்டுக்கு வந்து, அந்தக் கூத்தையெல்லாம் நடித்துக் காட்டிப் பவுனுவைச் சிரிக்க வைத்தான். படம் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொன்னான்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்துப் புயலில் அவன் போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களில் ஒருவன் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். இன்னொருவனின் உடல் புதுச்சேரிப் பக்கம் ஒதுங்கியது. ராஜாங்கம் வரவே இல்லை. அதே புயலில் கடல் குடிசைக்குள் ஏறி, கல்யாணத்தன்று எடுத்த ஒரே போட்டோவைக் கூழாக்கிவிட்டுப் போனது. பவுனு அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். பிறந்தது பெண். அஞ்சலை என்று பெயர் வைத்தார்கள்.

ராஜாங்கத்தின் அண்ணன் ஆதிநாராயணன் காரியம் செய்துவிடலாம் என்றுதான் சொன்னார். ஊர்ப் பெரியவர்களும் சொன்னார்கள். ராஜாங்கத்தின் அம்மா வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் என் பிள்ளைக்குக் காரியம் செய்ய விடமாட்டேன் என்று விட்டாள். அன்றைக்கு அவள் அழவும் இல்லை. அதற்குப் பிறகும் அழுது யாரும் பார்த்ததில்லை. பவுனுவின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வரிசையாக வருகிறவள் பவுனுவிடம் வரும்போது ஒரு கணம் கை தயங்கும். கொடுப்பதா, தாண்டிப் போவதா? அந்தத் தயக்கத்துக்குப் பயந்தே பவுனு எங்கும் போவதை விட்டுவிட்டாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் அவளிடம் இருந்தது. ராஜாங்கத்தின் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. அவன் குரல் ஞாபகம் இருந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை ஞாபகம் இருந்தது. முகத்தை மட்டும் எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியவில்லை. கண்ணை மூடினால் அண்ணன் ஆதிநாராயணனின் முகம்தான் வந்து நின்றது. அண்ணன் தம்பி ஜாடை. அது வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். கட்டின புருஷன் முகத்தை மறந்துவிட்டு அவன் அண்ணன் முகத்தை நினைக்கிறவளை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று நினைத்து நினைத்து, நினைப்பதையே நிறுத்தப் பார்த்தாள். அஞ்சலை மட்டும் விடவில்லை. எங்க நைனா எப்படி இருப்பாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்க பெரியப்பா மாதிரி என்று சொல்லப் பவுனுவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பவுனு பிள்ளையைக் கிளப்பினாள். வடிவிடம் சொல்லாமல் போகக் கூடாதே என்று போய்ச் சொன்னாள். சினிமாவா என்று கத்துவாள் என்று நினைத்திருந்தாள். வடிவு வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

உப்பளங்களைத் தாண்டி, பஸ் மேற்கே போய்த் திண்டிவனத்தில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறியிருந்தது. கொட்டகைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்கள். தூரத்திலிருந்தே பவுனுவுக்கு நீலமும் சிவப்பும் தெரிந்தது. கிட்டே போனபோது ஏணிமேல் நின்ற ஒருவன் அந்த நீலத்தின் மேல் பசை தடவி வேறு ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தான். ராக்கெட் ரங்கனின் ஒரு காலும் போர்வையின் நுனியும்தான் மிச்சம் இருந்தது.

படத்தை நேற்றே தூக்கிவிட்டார்கள் என்றான் அவன். படப்பெட்டி விழுப்புரம் போய்விட்டதாம். அங்கேயும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று ஏணியிலிருந்து குனிந்து ஆச்சரியமாகப் பார்த்தான்.

பவுனு வடிவைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிவிடலாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயம். வடிவு ஏற்கெனவே பஸ் நிலையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

விழுப்புரத்தில் காலைக் காட்சிக்கு நேரத்தோடு போய்விட்டார்கள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இவர்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. ஆண்கள் பக்கம் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் சிலர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஆரம்பித்தது. தையல்காரன் தன் சட்டையையே மெஷினில் வைத்துத் தைத்துக்கொண்டான். ஒருவன் அவன் தலையில் வாளியைக் கவிழ்த்தான். ராக்கெட் ரங்கன் பறந்தபோது அவனைக் கட்டித் தூக்கிய கம்பி பளபளவென்று தெரிந்தது. பின்னால் போன மேகத்தில் துணி மடிப்பு இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தூங்காமல் இருந்தவர்கள் திரையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

பவுனு கண் இமைக்கவே பயந்தாள். இமைக்கிற நேரத்தில் அவன் வந்து போய்விட்டால்? அஞ்சலை மடியில் நெளிந்தபோதெல்லாம் முகத்தைத் திரையின் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தாள். இடைவேளை முடிந்தது. வில்லன் கதாநாயகியைத் தூக்கிக் காரில் போட்டான். கார் கடற்கரை ரோட்டில் போனது. பவுனு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வடிவு கையை நீட்டி அவள் முழங்காலைப் பிடித்தாள். அடுத்து, கதாநாயகி மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கைகூப்பினார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது. விளக்குப் போட்டார்கள்.

கடலே வரவில்லை.

பவுனு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பெருக்குகிறவன் வந்து எழுந்திருக்கச் சொன்னபோதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதுரை பொய் சொல்லியிருப்பானோ? பார்த்தவன் வேறு எதையாவது பார்த்திருப்பானோ? பிறகு திடுக்கிட்டவள்போல் எழுந்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டிக்கெட் கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்த மேனேஜரிடம் போனாள்.

மேனேஜர் கோதண்டபாணி மேசைமேல் காலைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். நேற்று முதல் ஆட்டத்திலேயே ஜனங்கள் பெஞ்சை உடைக்க வந்துவிட்டார்கள், அதனால் கடல் சண்டை வரும் ரீலை விட்டுவிட்டுச் சீக்கிரம் முடித்துவிடுகிறோம், ரீல் போனதாக இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, கதை நடுவில் இல்லாமல் போனதைக் கண்டுபிடித்தவள் நீதான் என்றார்.

"சாரு, அந்த ரீலை அடுத்த ஆட்டத்துக்குப் போடணும் சாரு."

"ஏம்மா?"

"எங்க வூட்டுக்காரரு அதுல கீறாரு."

"யாரும்மா, வில்லனோட ஆளா?"

"ராக்கெட் ரங்கன் சாரு."

கோதண்டபாணி காலைக் கீழே இறக்கினார். கதவருகே நின்ற டிக்கெட் கிழிப்பவனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். வெயிலில் அலைந்து ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். தண்ணி குடிச்சிட்டு ஊருக்குப் போம்மா என்றார் தன்மையாகவே.

பவுனுவுக்கு அழுகை வந்தது. அழுதால் அனுப்பிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடிகர் தண்ணீருக்குப் பயந்தது, தன் புருஷனுக்கு அந்த உடுப்பை மாட்டியது, புயல், கரைக்கு வராத உடல், கூழாகிப்போன போட்டோ எல்லாவற்றையும் சொன்னாள். முகம் மறந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. வடிவு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள அவரைப் பார்த்ததே இல்ல சாரு. இன்னிக்கு வுட்டா இந்தப் பெட்டி எங்க போவுதோ, நான் எங்கன்னு தேடுவேன்? நான் உங்க கால்ல வேணா வுழறேன்."

கோதண்டபாணி விசிறியைக் கீழே வைத்தார். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். மேட்னிக்குக் காலேஜ் பசங்கள் வருவான்கள், வாய் சும்மா இருக்காது, கண்டபடி கத்துவான்கள், அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா என்று கேட்டார். இருப்பேன் என்றாள். அவர் எழுந்து படி வரைக்கும் போய், மேலே இருந்த ஆபரேட்டர் அந்தோணிசாமியைக் கூப்பிட்டு, அந்த ரீலையும் சேர்த்துப் போடச் சொன்னார். "இந்தப் படத்தை வேணும்னு கேட்டது இந்தம்மா ஒண்ணுதான்யா" என்றார்.

மேட்னிக்குக் கூட்டம் கொஞ்சம் இருந்தது. படத்தைப் பார்க்க வந்த கூட்டமல்ல, படத்தைக் கேலி செய்ய வந்த கூட்டம். வாளி கவிழ்ந்ததும் ஊளையிட்டார்கள். கம்பி தெரிந்ததும் மாவு மில்லில் மூட்டை தூக்குகிற மாதிரி ஏலேலோ பாடினார்கள். வடிவு எதையும் காதில் வாங்காமல் தூணைப்போல உட்கார்ந்திருந்தாள்.

கடற்கரை ரோடு வந்தது. இந்த முறை கார் நின்றது. வில்லன் கதாநாயகியைப் படகில் ஏற்றினான். அது அவர்கள் குப்பத்துப் படகு. பின்னால் தெரிந்த தென்னைகள் அவர்கள் தென்னைகள். ராக்கெட் ரங்கன் வானத்திலிருந்து பொத்தென்று கடலில் விழுந்தான். பறந்து வந்தது நடிகர். நீருக்குள்ளிருந்து எழும்பியது ராஜாங்கம்.

முகமூடி இருந்தும் பவுனுவுக்குத் தெரிந்தது. இடது தோளைக் கொஞ்சம் அதிகமாக உயர்த்தி வீசும் அந்த நீச்சல். அலையைப் பார்க்காமலே அலைக்குத் தலையைக் கொடுத்து வாங்கும் அந்தப் பழக்கம். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்து, பாரு, பாரு என்று காதில் சொன்னாள். கூட்டம்கூடக் கொஞ்சம் சத்தம் குறைந்தது. படம் முழுவதிலும் ஒரு மனுஷன் உண்மையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அப்போது பக்கவாட்டில் ஒரு அலை வந்து அடித்தது. ஈரத்துணி முகமூடி நழுவிக் கழுத்தில் விழுந்தது. ராஜாங்கத்தின் முகம் திரை முழுவதும் தெரிந்தது. வாய் பிளந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கண்கள் பிதுங்கியிருந்தன. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இருமி இருமி, படகின் விளிம்பைப் பிடிக்கக் கையை வீசினான். படகு அலையில் விலகியது. மறுபடியும் வீசினான். கை எட்டவில்லை.

"டேய், டூப்புடா, டூப்பு!" என்று ஒருவன் எழுந்து நின்று கத்தினான். கொட்டகையே விசிலில் அதிர்ந்தது. அடுத்த கணம் படகின் மேல் நடிகர் நின்றார். முகமூடி சரியாகக் கட்டியிருந்தது. தலைமுடி காய்ந்து, சீவி வாரியிருந்தது. கைதட்டலும் சிரிப்பும் ஓயவே இல்லை. மடியில் அஞ்சலையும் கைகொட்டிச் சிரித்தாள். அந்த ஆளு தண்ணி குடிச்சிட்டாரு என்று பவுனுவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள்.

வடிவு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பவுனு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டிருந்தாள். கூப்பிட்டும் நிற்கவில்லை. பஸ் நிலையத்தில்தான் பிடிக்க முடிந்தது.

"அது அவன் இல்ல" என்றாள் வடிவு.

"அத்தை, அவருதான். நீங்களும் பார்த்தீங்க."

"எம் புள்ளைய எனக்குத் தெரியாதா? வேற எவனையோ புடிச்சிப் போட்டுருக்கான். தண்ணியில எம் புள்ளைக்கு அப்பிடியெல்லாம் ஆவாது. அவனுக்கு அப்பிடி ஆவாது."

ஒரு கணம் பவுனுவுக்கே சந்தேகம் வந்தது. முகம் மறந்தவள் சொல்வது சரியா, பெற்றவள் சொல்வது சரியா? ஆனால் பஸ் கிளம்பிச் சன்னலில் காற்று அடித்தபோது அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். ராஜாங்கம் வந்தான். வாயைப் பிளந்துகொண்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வந்தான். சிரிக்கிற முகமாக, சாப்பிடுகிற முகமாக மாற்றிப் பார்த்தாள். மாறவில்லை. இத்தனை நாள் ஏங்கித் தவித்துத் தேடிய முகம் கிடைத்தது. அது அவன் சாகும்போது இருந்திருக்கக்கூடிய முகம். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் வந்தாள்.

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் வரவில்லை. வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்த நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள். சாயங்கால ஜனங்கள் ஆபீஸ் விட்டும் பள்ளிக்கூடம் விட்டும் பஸ்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பவுனு பிள்ளைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். வடிவு ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் கண் எதிரே நின்ற பஸ்ஸின் மேல் இருந்தது. வலது கை மட்டும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி எதையோ பிடிக்கப் போவதுபோல் விரிந்தது. பிறகு தானாகவே மடியில் விழுந்தது.

"பவுனு" என்றாள். "அவன் கைக்கு எட்டலடி."

அதற்குப் பிறகுதான் அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, என் ராசா என்று பெயர் சொல்லி, வருஷக்கணக்காக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் பஸ் நிலையத்தின் நடுவில் கொட்டினாள். ஜனங்கள் கூடிவிட்டார்கள். யார் செத்தது என்று ஒரு பெண் பவுனுவிடம் கேட்டாள். எங்க வூட்டுக்காரரு என்றாள் பவுனு. அப்படி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போம்மா என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். பவுனு வடிவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தானும் அழுதாள்.

மரக்காணம் பஸ்ஸில் வடிவு அசந்து தூங்கிப்போனாள். அஞ்சலை தூங்கவில்லை. பாட்டி ஏன் அழுதது, அந்தத் தண்ணி குடிச்ச ஆளு யாரு என்று கேட்டாள். பவுனு பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

"அதான் உங்க நைனா" என்றாள்.

அஞ்சலை யோசித்தாள். சிரித்ததற்காகப் பயந்தாளோ என்னவோ, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் மேல வந்துட்டாரா?"

"படத்துல வந்துட்டாரு" என்றாள் பவுனு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வடிவு தன் குடிசைக்குப் போகாமல் ஆதிநாராயணனின் வீட்டுக்குப் போனாள். தம்பிக்குக் காரியம் செய்ய நாள் பார்க்கச் சொன்னாள். அந்த வாரமே செய்தார்கள். கரையில் கோரைப்புல்லைக் கட்டி உருவம் செய்து, அதற்குத் தீ வைத்தார்கள். பவுனுவின் தாலியை வடிவுதான் கழற்றினாள். கழுத்து வெறுமையாகப் போனபோது பவுனுவுக்கு வந்த அழுகையில் துக்கம் எவ்வளவு, வேறு ஏதோ ஒன்று எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. அன்று ராத்திரி அவள் விடியும்வரை எழுந்திருக்காமல் தூங்கினாள்.

பிறகு ஒருநாள் சின்னதுரை வந்து, விழுப்புரத்திலும் படத்தைத் தூக்கிவிட்டார்களாம், பெட்டி தெற்கே ஏதோ ஊருக்குப் போயிருக்கிறதாம் என்று சொன்னான். எந்த ஊர் என்று வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன் என்றான். பவுனு வலைமேல் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, வேண்டாம் தம்பி என்றாள்.